வடிவங்களுக்கு இடையே தெரியும் வெள்ளைக் கோடு

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இரு வடிவங்களை ஒட்டி வரைந்தும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. அதை எப்படி நீக்குவது?

பதில்: உங்கள் வரைதலில் பிழை இல்லை. இரு வடிவங்களின் பொது விளிம்பு ஒரு பிக்சலின் சரிபாதியில் செல்லும்போது, ஓரத்தை மென்மையாக்குவதற்காக மென்பொருள் முதல் நிறத்தை அதில் 50 சதவீதம் மட்டுமே பூசுகிறது. அடுத்த நிறமும் எஞ்சிய பின்னணியில் பாதியையே மறைப்பதால், 25 சதவீத வெள்ளை கசிந்து கோடாகத் தெரிகிறது. எனவே முனைப்புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினாலும் கோடு மறையாது. அடுக்கில் கீழே உள்ள வடிவத்தின் விளிம்பை மேலே உள்ள வடிவத்துக்கு அடியில் சற்று நீட்டிவிடுங்கள். இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே கருதுகிறேன். வடிவங்கள் ஏராளமாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதன் நிறத்திலேயே மெல்லிய வெளிக்கோடு கொடுக்கலாம். ஆனால் நுண்ணிய முனைகள் சற்றுத் தடித்துவிடும், ஒளி ஊடுருவும் நிறங்களுக்கும் இது பொருந்தாது.