அட்டவணை போட்டவர் அடுப்படிக்கும் வரட்டும்

கேள்வி: வாரத்தில் 21 வேளைக்கும் என்ன சமைப்பது என்று கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். தள்ளுபடி பார்த்து மளிகை, காய்கறி எல்லாம் மொத்தமாக நானே வாங்கிப் போடுகிறேன். ஆனால் என் மனைவி செவ்வாய்க்கிழமைக்கு மேல் அட்டவணைப்படி நடப்பதில்லை. காய் அழுகுகிறது. புதன்கிழமை வெளியில் சாப்பாடு வாங்குகிறோம். பணமும் மிச்சமில்லை, நேரமும் மிச்சமில்லை. திட்டமிடுவதன் அருமையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அட்டவணை போட்டது நீங்கள், ஒட்டியது நீங்கள், வாங்கிப் போட்டதும் நீங்கள். சமைப்பது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. ஊகிப்பதில் சிரமம் இருக்கவில்லை.

முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். 21 கட்டம் போட்டு நிரப்புவது விடுதிக்குச் சரிப்படும். வீட்டில் ஒருநாள் ஒருவர் நேரம் கழித்து வருவார், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மதியம் செய்தது பாதி மீந்து நிற்கும். ஒரு கட்டம் தவறினால் அதற்கென்று வாங்கிய காய்க்கு அடுத்த கட்டத்தில் இடம் கிடையாது. அது அங்கேயே கிடந்து வாடும். இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு செவ்வாய் வரைக்கும் ஓட்டியிருக்கிறாரே, அது அவருடைய பொறுமை.

வாரத்துக்கு நாலைந்து முக்கியச் சமையலை முடிவு செய்தால் போதும். கிழமை குறிக்காதீர்கள், வரிசை மட்டும் இருக்கட்டும். கீரை, காளான் மாதிரி சீக்கிரம் கெடுபவை முதல் இரண்டு நாளில் தீரட்டும். முட்டைகோஸ், கேரட், பூசணி கடைசிவரை காத்திருக்கும். இரண்டு வேளையை மீந்ததற்கென்று ஒதுக்குங்கள். இன்னும் ஒன்றைக் களைப்புக்கென்றே ஒதுக்குங்கள்: எப்போதும் வீட்டில் இருக்கிற முட்டை, ரொட்டி போன்றவற்றை வைத்துக் கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு சமையல். உங்கள் புதன்கிழமைக்கு மருந்து அதுதான். வெளிச்சாப்பாடு வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்பார்கள். நான் பார்த்தவரையில், சாயங்காலம் ஏழு மணிக்கு ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்டு, ‘எதுவா இருந்தாலும் சரி’ என்று பதில் வாங்கியவர்கள்தான் ஃபோனை எடுக்கிறார்கள்.

அடுத்தது தள்ளுபடி. இங்கேதான் உங்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம். பாதி விலைக்கு வாங்கிய காயில் பாதி குப்பைக்குப் போனால், சாப்பிட்ட பாதிக்கு நீங்கள் கொடுத்தது முழு விலை. சுமந்து வந்து, கழுவி, அடுக்கி, அழுகியதை அள்ளிக் கொட்டிய வேலை இலவசம். அரிசி, பருப்பு, சோப்பு போன்றவற்றை மொத்தமாக வாங்குங்கள், அதுவும் கிலோவுக்கு என்ன விலை விழுகிறது என்று பார்த்துவிட்டு. பெரிய பாக்கெட் எல்லாம் மலிவான பாக்கெட் இல்லை.

கடையில் தள்ளிக்கொண்டு போகிறோமே வண்டி, அதற்கு ஒரு கதை உண்டு. கைக்கூடை கனத்துப்போனதும் வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்த சில்வன் கோல்ட்மேன் என்ற அமெரிக்கக் கடைக்காரர் 1937-இல் ஒக்லஹோமா நகரில் கொண்டுவந்தது அது. கை வலித்தால் நாம் நிறுத்திவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வார நடுவில் நாலு சாமானுக்குப் போகும்போது கூடையையே எடுங்கள்.

கிளம்புமுன் ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் திறந்து ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வீட்டில் இருக்கிறதோ இல்லையோ’ என்ற சந்தேகத்தில் வாங்கியதுதான் மூன்றாவது பாக்கெட். பட்டியல் அடுப்படியிலேயே தொங்கட்டும். கடைசிப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எழுதிவிட வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல. யார் பிரித்தாலும் அவரே எழுத வேண்டும். ராத்திரி பிஸ்கட் தேடி வருகிறவரும்தான்.

வீணடிப்பதில் உங்கள் வீடு தனியாக இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன் (தோல், எலும்பு போன்ற தின்னாத பகுதிகளும் இதில் அடக்கம்). அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஓட்டல்களும் கடைகளும் சேர்ந்துகூட நம்மை எட்டவில்லை.

நேரம் மிச்சமாக: பயறோ பருப்போ வேகவைக்கும்போது இரண்டு பங்காக வேகவைத்து ஒரு பங்கை எடுத்து வையுங்கள். சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல், அகலமான தட்டையான டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டால் மூன்று நாலு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான். டப்பா மேல் தேதி எழுதுங்கள். எங்கள் வீட்டு ஃப்ரீசரின் அடித்தட்டில் தேதியில்லாத டப்பா ஒன்று இருக்கிறது. அது குழம்பா கஞ்சியா என்று சொல்லத் தெரிந்தவர் இப்போது யாருமில்லை, திறந்து பார்க்கும் துணிச்சலும் எனக்கு இல்லை.

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். ஆப்பிள், வாழைப்பழத்தைக் கீரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு பட்டால் கீரை மஞ்சளாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி: அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு வாரம் வாங்குவதும் சமைப்பதும் ஒரே ஆளிடம் இருக்கட்டும். அந்த ஆள் நீங்கள். 21 கட்டத் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை என்றால் அதையே வைத்துக்கொண்டு சமையுங்கள். எந்தக் கிழமை வரைக்கும் போனது என்று எழுதுங்கள், பெயர் போடாமலே பிரசுரிக்கிறேன்.