பிளாஸ்க் தேத்தண்ணியும் பின்நேரக் கால்மணியும்

கேள்வி: கொட்டகலையில் இருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். காலை நாலரைக்கு எழும்பினால் சமையல், பிள்ளைகளின் பாடசாலை வேன், பஸ் என்று ஒரே ஓட்டம். பின்நேரம் ஐந்தரைக்கு வீடு வந்தால் திரும்பவும் அடுப்படி, அதற்குப் பிறகு போன். தேத்தண்ணி குடிப்பதுகூட காலையில் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்ததை நின்றபடி குடிப்பதுதான். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று குளிசை தந்திருக்கிறார்கள். யோகா செய், எங்காவது போய் வா என்கிறார்கள். அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. நான் என்ன செய்ய? – ச., கொட்டகலை

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

யோகாவை விடுங்கள். ஏற்கெனவே நிரம்பி வழிகிற நாளில் இன்னொரு வேலையைச் சேர்த்தால், அதைச் செய்யவில்லையே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். காலையையும் தொட வேண்டாம். வேன் உங்களுக்காகக் காத்து நிற்காது. எப்படியும் தினமும் குடிக்கிற ஒரு தேத்தண்ணி இருக்கிறது. பின்நேரம் வீட்டுக்கு வந்ததும், அடுப்படி வேலை தொடங்குமுன், அந்த ஒன்றைச் சரியாக ஊற்றி, உட்கார்ந்து குடியுங்கள். எல்லாமாகக் கால்மணி நேரம். ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். நாலரைக்கு எழும்புகிறவர் ஒன்பதரைக்காவது படுக்க வேண்டும், பிந்திக் குடித்தால் தூக்கம் தள்ளிப்போகும்.

முதலில் அந்த பிளாஸ்க். காலையில் ஊற்றியது மத்தியானம் கயர்ப்பதற்குக் காரணம், தூளும் தண்ணீரும் சூட்டிலேயே சேர்ந்து கிடப்பதுதான். துவர்ப்புச் சத்து இறங்கிக்கொண்டே போகும். அதை மறைக்கத்தான் மூன்று கரண்டி சீனி தேவைப்படுகிறது. வேலைக்குக் கொண்டுபோவதென்றால் காலையிலேயே வடித்து, தூள் இல்லாத சாயத்தை மட்டும் ஊற்றுங்கள். பாலைச் சேர்க்க வேண்டாம். சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் பால் கெடும், மூடியின் ரப்பரிலும் வாடை பிடித்துவிடும்.

வீட்டில் ஊற்றும்போது இரண்டு கோப்பைக்கு 400 மில்லிலீற்றர் தண்ணீர், தூள் 5 கிராம். பிஓபி (உடைத்த இலையில் சற்றுப் பெரிய துகளாக வரும் தூள்) என்றால் தேக்கரண்டியால் தலை தட்டி இரண்டு. பிஓபிஎஃப் அதைவிடப் பொடி, கரண்டியில் நெருங்கி உட்காரும், ஆகவே சற்றுக் குறைத்து அள்ளுங்கள். டஸ்ட் எல்லாவற்றிலும் பொடியான தூள், சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்குத்தான் தோது. (தொழிற்சாலைச் சங்குச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு நாம் டஸ்ட் குடிப்பதும், நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போவதும் பழைய கதை. மாதத்தில் 100 கிராம் நல்ல பிஓபி வாங்குவதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள்.)

தண்ணீரைக் குழாயில் புதிதாகப் பிடியுங்கள். காலையில் கொதித்து ஆறியதையே திரும்பக் கொதிக்கவைத்தால் தேத்தண்ணி சப்பென்றிருக்கும். நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயமும் உண்டு. ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். ஹட்டன் பக்கம் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. கொழும்பில் மூன்று நிமிடத்தில் இறங்குகிற சாயம் இங்கே இன்னும் ஒரு நிமிடம் கேட்கும். அதனால் கேத்தல் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போதே தூளின்மேல் ஊற்றுங்கள். அதற்கு முன், தூள் போடாமல், பீங்கான் தேத்தண்ணிப் போச்சியில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். பனிக்காலத்துக் குளிர்ந்த பீங்கான் நிறையச் சூட்டை உறிஞ்சிவிடும். மூடி வையுங்கள்: பிஓபிஎஃப்புக்கு நாலு நிமிடம், பிஓபிக்கு ஐந்து. கரண்டியால் கிண்டாதீர்கள், தூளை வடியில் போட்டுப் பிழியாதீர்கள். கயர்ப்பு அங்கேதான் வருகிறது.

அந்த ஐந்து நிமிடம்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கை தானாகப் போனைத் தேடும். மனத்தைக் கட்டுப்படுத்த முயல்வதைவிட, போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வருவது சுலபம். நேரம் பார்க்கச் சுவர் மணிக்கூடு போதும். உட்கார்ந்ததுமே "பாத்திரம் கிடக்கிறதே" என்று மனம் இழுக்கும், முதல் வாரம் முழுக்க இழுக்கும். அடுப்படி கண்ணில் படாத இடமாக, இஸ்தோப்பிலோ ஜன்னலோரமோ உட்காருங்கள். வீட்டில் மாமியார் இருந்து "என்ன சும்மா உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டால், இரண்டாவது கோப்பை அவருக்குத்தான்.

முதல் வாய் சீனி போடாமல். பிறகு கித்துள் கருப்பட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். கோப்பையின் ஓரத்தில் பொன்னிற வளையம் தெரிகிறதா என்று பாருங்கள், நல்ல தூளின் அடையாளம் அது. ஆறியபின் பால் கலந்ததுபோல் மங்கினாலும் பழுதென்று ஊற்றிவிடாதீர்கள். தேயிலையின் சாயப் பொருளும் கஃபீனும் குளிரில் ஒன்றுசேர்வதால் அப்படி ஆகிறது, திடமான சாயத்தில்தான் தெளிவாகத் தெரியும். தூளை மிளகாய், மசாலாவோடு ஒரே அலுமாரித் தட்டில் வைக்காதீர்கள். வாடையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இறுக்கமான தகர டின் நல்லது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வறண்ட குளிர்காற்று அடிக்கும்போது, உங்கள் டிம்புளை வட்டாரத் தேயிலைக்கு மணம் கூடும். அப்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஊவாத் தூளுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை.

ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ரொட்டி. கால் கிலோ கோதுமை மாவு, ஒரு கை தேங்காய்ப்பூ, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்த கையோடு தட்டினால் மாவு இழுத்துக்கொள்ளும்; ஈரத் துணியால் மூடி இருபது நிமிடம் விடுங்கள். நெருப்பைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

ரொட்டிக்கு பிளேன்டீ (பால் இல்லாத தேத்தண்ணி) இல்லாமல் சரிவராது என்பது தெரியும். ஆனால் தேத்தண்ணி சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தையும், இரத்தத்துக்கான இரும்புக் குளிசையையும் உடலில் சரியாகச் சேரவிடாது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் குறைந்தது ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரண்டு இடைவெளி விடுங்கள். குளிசையோடு தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். காலைக் குளிசையை பிளாஸ்க் தேத்தண்ணியோடு விழுங்குகிற பழக்கம் இருந்தால் நாளையிலிருந்தே மாற்றுங்கள். அடுத்த கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள்.