பட்டாளத்திலிருந்து வந்த மகன் "இனி சேவைதான்" என்றால் அப்பா என்ன செய்வது?

ஐயா, நீங்கள் எழுதியதை முழுசாகப் படித்தேன். 19 வருஷ சர்வீஸ், ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட், ஹவில்தாராக ஓய்வு, வயது 39. வந்த கையோடு, கூட இருந்த எத்தனையோ பேர் போய்விட்டார்கள், என்னைக் கடவுள் விட்டுவைத்திருப்பது ஏதோ காரியத்துக்குத்தான் என்று சொல்லி, பூர்வீக நிலத்தில் ஆதரவற்ற முதியவர்களுக்கு முப்பது படுக்கையோடு ஓர் இல்லம் கட்டியே தீருவேன் என்கிறார். பேங்க் பரீட்சை எழுதச் சொன்னால் காதில் வாங்குவதில்லை, நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற புத்தி அது இல்லை.

அந்த நம்பிக்கையோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். சாவைப் பக்கத்தில் பார்த்தவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயித்தாலும் வீட்டில் நிம்மதி போவதுதான் மிச்சம். சேவை செய் என்று கடவுள் சொன்னது அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள விஷயம். முப்பது படுக்கை, செட்டில்மென்ட் பணம் மொத்தமும் அதில், ஆறு மாதத்தில் திறப்பு விழா என்பதெல்லாம் உங்கள் மகன், அதாவது நம் தம்பி, தானே போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் நாம் பேசவேண்டும்.

மகாராஷ்டிர சமூக சேவகர் அண்ணா ஹசாரேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிற்கால அரசியல் போராட்டங்கள் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும், அதை விடுங்கள். ராணுவத்தில் லாரி டிரைவர். 1965 பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் கூட இருந்தவர்கள் செத்துவிழ, இவர் பிழைத்தார். உங்கள் மகனுக்கு வந்த அதே எண்ணம் அவருக்கும் வந்தது. ஆனால் மறுநாளே பெட்டியைக் கட்டவில்லை. பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் முடியட்டும், சாப்பாட்டுக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தால்தான் சேவை நிற்கும் என்று காத்திருந்து, 1975-ல்தான் தன் கிராமமான ராலேகண் சித்திக்குத் திரும்பினார். வந்ததும் கையில் இருந்த பணத்தில் ஊர்க்கோயிலைப் பழுதுபார்த்தார், அப்புறம் ஊரோடு சேர்ந்து மழைநீரைத் தடுத்து நிறுத்துகிற வேலை. 1990-ல் பத்மஸ்ரீ வரும்போது பதினைந்து வருஷம் ஓடியிருந்தது. அவர் குடும்பஸ்தர் இல்லை என்பதையும் தம்பியிடம் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பேத்தி இருக்கிறாள்.

இன்னொருவர் லயோலா இஞ்ஞாசியார். 1521-ல் பாம்ப்லோனா கோட்டையில் குண்டு பட்டுக் கால் உடைந்த படைவீரர். படுத்த படுக்கையில் மனம் மாறி, மற்றவர்களுக்கு உதவ வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்று புரிந்து, முப்பது வயதைத் தாண்டியபின் பார்சிலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். அவர் தொடங்கிய கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபைக்கு அனுமதி கிடைத்தது 1540-ல்தான். இடையில் பெரும்பகுதி படிப்பிலேயே போயிற்று. தம்பி எந்த மதமாக இருந்தாலும் சரி, இந்தப் பொறுமையைக் கவனிக்கட்டும்.

இனி தம்பிக்கே நேராக. முப்பது படுக்கை என்கிறீர்களே, அதில் பத்துப் பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ராத்திரி வேலையை யார் செய்வது? நீங்கள் ஒரு வாரம் செய்வீர்கள், ஒரு மாதம்கூடச் செய்வீர்கள், அப்புறம் ஷிப்டுக்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், அது மாதாமாதம் வேண்டும். கட்டடம் ஒருமுறைச் செலவு, சம்பளம் அப்படி இல்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் மருந்தும் ஆளும் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும், இங்கே அந்த 'மேல்' நீங்கள்தான். இன்னொன்று, ஊசி போட்டுப் பழகிய கை என்பதற்காக டாக்டர் எழுதித் தராமல் வெளியே மருந்து கொடுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

அதனால் என் யோசனை, ஒரு வருஷம் எதையும் கட்டாதீர்கள். ஏற்கனவே நடக்கிற ஓர் இல்லத்திலோ தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்க வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஆதரவு சிகிச்சைக் (பாலியேட்டிவ் கேர்) குழுவிலோ சேர்ந்து, அடுத்தவருக்குக் கீழே வேலை செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே நோய் ஆதரவு சிகிச்சை ஒரு பகுதி. கோழிக்கோட்டில் உள்ள பாலியேட்டிவ் மெடிசின் இன்ஸ்டிட்யூட், திருவனந்தபுரத்தில் உள்ள பாலியம் இந்தியா இரண்டும் இதற்குப் பயிற்சி தருகின்றன. கூடவே தொலைதூரக் கல்வி தருகிற இக்னோ பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி இளங்கலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. போடலாம், பிளஸ் டூ போதும். பதினைந்து வருஷ சர்வீஸுக்குக் கிடைக்கிற 'பட்டத்துக்குச் சமம்' என்ற தகுதி வேலைக்கு விண்ணப்பிக்கத்தான், அது பட்டம் ஆகாது. அதை நம்பி நேராக முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. கனவு காணவேண்டாம்.

பணம் வந்த செய்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயம். கிராஜுவிட்டி, பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும், டிரஸ்ட் ஆரம்பிக்கலாம் என்று சொல்ல நாலு பேர் கூடவே வருவார்கள். பென்ஷனில் கம்யூட் செய்த பங்கு, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட பங்கு, 15 வருஷம் கழித்துத்தான் மாதப் பென்ஷனில் திரும்பும், அதாவது தம்பிக்கு 54 ஆகிவிடும். இல்லத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கட்டும், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம் என்பது என் கணக்கு. மீதி மருமகளின் பெயரும் சேர்ந்த டெபாசிட்டில் இருக்கட்டும். வெளிநாட்டு நண்பர்கள் அனுப்புவார்கள் என்ற பேச்சும் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைப் பதிவுக்கு, டிரஸ்ட் மூன்று வருஷம் நடந்து, அந்தக் காலத்தில் 15 லட்சம் செலவழித்திருக்கவேண்டும். 'சில அநாதைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம்' என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். சிறார் நீதிச் சட்டத்தில் பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம், ஜெயில் வரை போகும்.

ஐயா, உங்கள் பேங்க் வேலை யோசனை தப்பில்லை, அவசரம்தான் தப்பு. கிளார்க் தேர்வுக்குப் பொது வயது வரம்பு 28. முன்னாள் படைவீரருக்கு சர்வீஸ் வருஷங்களும் அதற்கு மேல் மூன்றும் கூட்டுவார்கள், உச்ச வரம்பு 50. உங்கள் மகனுக்கு 28, 19, 3 கூட்டினால் சரியாக 50. அந்தப் பணியிடங்களில் 14.5 சதவீதம் அவர்களுக்கென்று ஒதுக்கீடும் உண்டு. ஒரு வருஷம் சேவையில் போனால் அந்தக் கதவு மூடிவிடாது. கிளார்க்காகச் சேர்ந்துவிட்டு, சனி ஞாயிறில் நோயாளி வீடுகளுக்குப் போவதும் சேவைதான், தம்பிக்கு இப்போது அது பிடிக்காது என்றாலும்.

நீங்கள் எழுதியதில் மருமகள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்களோ நானோ பேசுவதற்கு முன்னால் அவரிடம் கேட்கவேண்டும். அடுத்த வாரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகட்டும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) நகல், அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும், இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அதையும் அன்றைக்கே முடித்துவிடலாம். நிலத்தில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்ட ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் இன்றைக்கே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள்.