வாசகர் கேள்வி – பதில்: மூடுபனியில் நீந்தும் மீன்கள்

அஸ்தம்பட்டி வாசகி: 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரை என் மகள் ஒன்றுவிடாமல் பார்ப்பவள். கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி வந்தால் மட்டும், "கதை நகரவே இல்லை, வெறும் பாட்டும் பனியும்தான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். குறை தொடரிலா, அவளிடமா?

இரண்டிலும் இல்லை, அளக்கிற படியில் இருக்கிறது. வாராவாரம் வருவது தொடரைத் தெரிந்தவர்களுக்கு. டிசம்பர் 25-ல் வருவது, மதிய விருந்து முடிந்து கண் சொருக உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், தொடரின் பெயரே தெரியாத மாமாவுக்கும் சேர்த்து எழுதப்படுவது. அதனால் முன்கதை குறையும், வேடிக்கை கூடும். பல பகுதிகளில், காலத்தில் பயணம் செய்யும் நாயகனான டாக்டரின் துணையாக வருபவரே அந்த ஒரு நாளுக்கு மட்டும் வந்த புதுமுகமாக இருப்பார்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1965 டிசம்பர் 25 அன்று, 12 பகுதிகள் கொண்ட ஒரு நீண்ட கதையின் ஏழாவது பகுதி ஒளிபரப்பானது. அதன் முடிவில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கேமராவைப் பார்த்து, வீட்டில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார். வெளிநாடுகளுக்கு விற்றபோது அந்தப் பகுதியைச் சேர்க்கவே இல்லை. மே மாதம் ஒளிபரப்புகிற நாட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்று ஒலிப்பதிவு மட்டும் மிச்சம், படம் கிடைப்பதில்லை.

"கதை நகரவில்லை" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம். 2005 முதல் 2017 வரை 13 ஆண்டுகள் இடைவிடாமல் கிறிஸ்துமஸ் பகுதி வந்தது. டாக்டர் வேடத்தில் நடித்த மூன்று பேர் விடைபெற்றதே பண்டிகைப் பகுதிகளில்தான்: டேவிட் டென்னன்ட் 2010 புத்தாண்டு அன்று, மேட் ஸ்மித் 2013-ல், பீட்டர் கபால்டி 2017-ல். இந்த மூன்றையும் அந்தந்த சீசன்களை முடித்த பிறகே பார்க்க வேண்டும். 2013 பகுதியைத் தனியாகப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மூன்று சீசன்களின் முடிச்சுகளை ஒரே மணி நேரத்தில் அவிழ்ப்பார்கள்.

வீட்டாரோடு பார்க்க 2010-ல் வந்த 'எ கிறிஸ்துமஸ் கேரல்' சரியான தேர்வு. பாட்டிக்கு இப்படிச் சொல்லுங்கள்: கடன் கொடுக்கும்போது நகைக்குப் பதில் வீட்டு ஆளையே உறைய வைத்து அடகு வாங்கும் ஒரு கஞ்சன். அவன் மனம் இளகினால்தான் 4,003 பேர் ஏறிய விண்கலம் விழாமல் தப்பும். டாக்டர் அவனுடைய சின்ன வயதுக்கே போய் ஆளை மாற்றப் பார்க்கிறார். அடகுக் கடை வாசலில் நின்றிருக்கிற எவருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. அந்த ஊரில் மூடுபனிக்குள் மீன்கள் நீந்தும், சுறா உட்பட.

சூரமங்கலம் வாசகர்: 'டாக்டர் ஹூ'வின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' பகுதியை டிசம்பர் 25 இரவு ஏற்காட்டில் ஒரு காட்டேஜ் முற்றத்தில் திரை கட்டி, பன்னிரண்டு பேர் பார்க்கலாம் என்று இருக்கிறோம். புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

முற்றம் வேண்டாம். பனி மீன் படத்துக்குப் பனி இறங்குகிற முற்றம் பொருத்தம்தான், ஆசை புரிகிறது. ஆனால் பனித்துளிகள் புரொஜெக்டர் ஒளியை வழியிலேயே சிதறடிக்கும். திரையில் கறுப்பு சாம்பலாகும், படம் மோர் ஊற்றினாற்போல் வெளுக்கும். இந்தப் பகுதியோ பெரும்பாலும் இருட்டுக் காட்சிகள். போதாததற்கு, குளிரூட்டும் விசிறி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஹாலுக்குள் வையுங்கள்.

புரொஜெக்டரை மாலை முழுக்கக் காரிலேயே விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் பன்னிரண்டு பேர் மூச்சுவிடும் ஹாலுக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஹாலிலேயே வைத்திருங்கள். ஆவி படிந்துவிட்டால் துண்டால் துடைக்காதீர்கள், கோடு விழும். தானாகக் காயட்டும்.

திரைக்கு எட்டு முழ வேட்டி போதும், சலவை செய்து இஸ்திரி போட்டது. ஒற்றையாக விரித்தால் ஒளி பின்பக்கம் கசிந்து படம் மங்கும். இரண்டாக மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலம் வரும். அதில் படம் 1.8 மீட்டருக்கு 1 மீட்டர். கரை படத்துக்கு வெளியே இருக்கட்டும். கீழ் ஓரத்தில் ஒரு மூங்கில் குச்சியைக் கோத்துவிட்டால் சுருங்காது. புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 1.5 என்றால், திரையிலிருந்து 2.7 மீட்டர் தள்ளி வையுங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே இந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், கருவிக்குக் கருவி மாறும். கோணலான படத்தை நேராக்கும் கீஸ்டோன் பொத்தானை நம்பிச் சாய்த்து வைக்காதீர்கள், படத்தின் கூர்மை குறையும்.

ஒலிக்கு புளூடூத் வேண்டாம். உதடு முன்னால் போகும், வசனம் பின்னால் வரும். 3.5 மி.மீ. வயர் போதும்.

விளக்கு வகைப் புரொஜெக்டர் என்றால் ஒரு யூ.பி.எஸ். அவசியம். திடீரென்று மின்சாரம் போனால் விசிறி நின்று, சூட்டில் விளக்கு கெடும். முறையாக அணைத்து ஆறவைக்கச் சில நிமிட மின்சாரம் இருந்தால் போதும். எல்.இ.டி. வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. படத்தைச் சேலத்திலேயே டவுன்லோடு செய்துகொண்டு, ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே போய் சிக்னல் தேடுவது வீண்வேலை.

அம்மாபேட்டை வாசகர்: 'டாக்டர் ஹூ' கிறிஸ்துமஸ் பகுதியை லண்டனில் ஒளிபரப்பாகும்போதே பார்க்க வேண்டும் என்றால் நம் நேரம் என்ன?

டிசம்பரில் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 11.30. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை நாலரை மணி நேரம்.

கொண்டலாம்பட்டி வாசகி: அம்மாவுக்காக 'டாக்டர் ஹூ'வுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதினேன். ஒரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, இன்னொன்றில் நேரம் தப்பிப் போகிறது. ஏன்?

இரண்டும் வெவ்வேறு நோய். கட்டம் தெரிவது எழுத்துக் குறியீட்டால். எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழுக்கும் இடம் தரும் யூ.டி.எஃப்-8 குறியீட்டைத் தேர்ந்து மறுபடி சேமியுங்கள். அதன் பிறகும் கட்டம் தெரிந்தால், பிளேயரில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் தப்புவது எப்படி என்று பாருங்கள். தொடக்கம் முதலே ஒரே அளவு முந்தினால், மொத்தமாகத் தள்ளி வைத்தால் தீரும். போகப் போக இடைவெளி பெருகினால் ஃப்ரேம், அதாவது வினாடிக்கு ஓடும் படங்களின் கணக்குத் தகராறு. பிரிட்டிஷ் ஒளிபரப்பு வினாடிக்கு 25 ஃப்ரேம். அதற்கு எழுதியதை 23.976-ல் ஓடும் பிரதிக்குப் போட்டால், 60 நிமிடப் படத்தின் முடிவில் சப்டைட்டில் இரண்டரை நிமிடம் முந்திவிடும். 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று: தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளும். இரண்டு வரிக்கு மேல் போகாமல் சுருக்குங்கள். அம்மா படிப்பாரா, படம் பார்ப்பாரா?

ஐந்து ரோடு வாசகர்: 1978-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சியைத் தேடிப் பார்க்கலாமா?

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1978 நவம்பர் 17 அன்று ஒரே ஒரு முறை ஒளிபரப்பானது. முழு நிகழ்ச்சி அதிகாரபூர்வமாக வெளியானதே இல்லை. வீட்டு வீடியோ பிரதிகளில் பிழைத்துக் கிடக்கிறது. தொடக்கத்தில், உடலெல்லாம் ரோமம் கொண்ட சூபாக்கா என்ற பாத்திரத்தின் குடும்பம் நிமிடக்கணக்கில் உறுமிக்கொண்டே இருக்கும், சப்டைட்டிலும் கிடையாது. நடுவில் வரும் கார்ட்டூன் துண்டு மட்டும் தேறும், தலைக்கவசம் அணிந்த கூலி வேட்டையாளன் போபா ஃபெட் முதன்முதலில் தொலைக்காட்சியில் தலைகாட்டியது அதில்தான். அந்தத் துண்டை டிஸ்னி நிறுவனம் 2021-ல் தன் ஓ.டி.டி. தளத்தில் தனியாக வெளியிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.