வேதம் படிக்கிற முறை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

களியக்காவிளைப் பக்கம் முப்பது வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வேதத்தை, அதாவது பைபிளை, எப்படிப் படிப்பது என்று மட்டும் கேளுங்கள். சபைச் சண்டைக்கு நான் ஆளில்லை.

குழித்துறை: சார், ஆதியாகமத்தில் தொடங்கி மூன்று தடவை லேவியராகமத்தில் நின்றுவிட்டேன்.

எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம், ஒரே இருப்பில் முடித்துவிடலாம். அதிகாரம் முடிந்ததென்று மூடி வைக்காதீர்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண் 1551ல். மாற்கு எழுதும்போது இரண்டும் கிடையாது.

பாறசாலை: வீட்டுக்காரிக்கு மலையாள வேதம், எனக்குத் தமிழ். 23ஆம் சங்கீதத்தில் எனக்கு "நான் தாழ்ச்சியடையேன்", அவளுக்கு "எனிக்கு முட்டுண்டாகயில்ல". எது சரி?

இரண்டும்! எல்லையில் இருக்கிற நமக்கு இது பெரிய வசதி. உங்களிடம் இருப்பது பவர் திருப்புதல், அதாவது பவர் என்பவர் தலைமையில் திருத்தி 1871ல் அச்சான மொழிபெயர்ப்பு. தாழ்ச்சி என்றால் குறைவு என்றும் பொருள் உண்டு. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பணிவு, கீழ்மை என்றே மனசு போகும். மலையாளத்து முட்டு நம்முடைய முட்டுப்பாடுதான். அரிசிக்கு முட்டு, காசுக்கு முட்டு என்கிற முட்டு. 1995ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு "எனக்கேதும் குறையில்லை" என்று நேராகவே சொல்லிவிடுகிறது. ஒரு வசனம் மங்கலாக இருந்தால் இப்படி இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள், அதுதான் அன்றைய பாடம்.

மார்த்தாண்டம்: மலையாளத்தை வைத்துத் தமிழைத் திருத்துவதா? கர்த்தர் நம்மை அவமானப்பட விடமாட்டார் என்றுதான் எங்கள் பெரியவர்கள் இதற்குப் பொருள் சொன்னார்கள்.

திருத்தவில்லை அண்ணே. தமிழை வைத்தே பார்ப்போம். சங்கீதம் 34:10: "சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும்." சிங்கக்குட்டிக்கு என்ன அவமானம்? இரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் அதே வேதத்தில் அது வேறெங்கே வருகிறதென்று முதலில் பாருங்கள். ஒத்த வசனங்களை ஓரத்தில் குறித்திருக்கிற ஒத்தவாக்கிய வேதாகமம் இருந்தால் அங்கேயே வழி கிடைக்கும்.

அருமனை: புத்தாண்டு வாக்குத்தத்தமாக எரேமியா 29:11 அட்டை வந்தது, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற வசனம். இந்த வருஷம் வேலை கிடைக்குமா?

அட்டையைக் கீழே வையுங்கள். இதை எத்தனை தடவை சொல்வது! அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம். 5ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போடச் சொல்கிறது, 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதம் முழுவதையும் படித்தால் ஆறுதல் குறையாது, ஆனால் வேறு மாதிரி ஆறுதல். வேலைக்கு மனு போடுங்கள்.

திற்பரப்பு: நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன். விடியுமுன் கிளம்ப வேண்டும். எப்போது படிப்பது?

காலையில் வேண்டாம் தம்பி. வெட்டி முடித்த பிறகு, சிரட்டையில் பால் சொட்டி நிற்கும்வரை காத்திருப்பீர்கள் அல்லவா, அந்த நேரம் போதும். ஒரு பத்தி மட்டும். யார் பேசுகிறார், யாரிடம், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பால் எடுக்கப் போங்கள். கை வேலை செய்யும்போது மனசு அதையே மென்றுகொண்டிருக்கும்.

வெள்ளறடை: எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

பாறசாலைக்காரருக்குச் சொன்னதுதான்.

நெய்யாற்றின்கரை: வெளிப்படுத்தலில் வருகிற 666 யார்?

உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

களியக்காவிளை: ஒரு வருஷத்தில் முழு வேதமும் முடியுமா?

மொத்தம் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் முடியும். முதல் தடவை படிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன், ஓட்டமாகிவிடும்.

பளுகல்: தமிழில் எந்த மொழிபெயர்ப்பு வாங்கலாம்?

மேலே பாருங்கள் அம்மா. மேலே.

மறுபடி மார்த்தாண்டம்: சிங்கத்துக்குச் சொன்னது வேறு, மனுஷனுக்குச் சொன்னது வேறு சார்.

சரி, அப்படியென்றால் அதே வசனத்தின் பின்பாதியைப் படியுங்கள்: "கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங் குறைவுபடாது." இது மனுஷருக்குத்தான். இங்கே "குறைவுபடாது" என்று பெயர்த்திருக்கிற எபிரேயச் சொல்லும் 23ல் "தாழ்ச்சியடையேன்" என்று பெயர்த்திருக்கிற சொல்லும் ஒன்றே. உங்கள் பெரியவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.