மதர்போர்டை மாற்றுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் மகனுக்காக ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்டோம். கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்து, தானே ஆன் ஆகிறது. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஃபேன் சுற்றுகிறது. கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் அது. மதர்போர்டை மாற்றிவிடலாமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மதர்போர்டுக்கு இப்போதே பணம் கொடுக்காதீர்கள். ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. லோடு ஏறும்போது அது கொடுக்கும் 12 வோல்ட் இறங்காமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அதன் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். 450 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், 16 x 12, ஆக 192 வாட்தான் அந்த லைனில் கிடைக்கும். கார்டு மட்டுமே 75 வாட் வரை இழுக்கும். பிராசஸரும் அதே 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கிறது. கேம் ஓடும்போது மட்டும் அணைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே இருக்கும் சாக்கெட்டில் மாட்டி ஓட்டிப் பாருங்கள் (பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் படம் வரும்). யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கிலும் ஓட்டுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ்ஸும் இதே வேலையைக் காட்டும். பிராசஸர் சூட்டையும் பாருங்கள். ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருந்தாலும் மெஷின் இப்படித்தான் அணையும்.

மல்டிமீட்டர் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்து சும்மா இருக்கும் மோலெக்ஸ் (4 பின் கொண்ட பழைய வகை) கனெக்டரில் மஞ்சள், கறுப்பு ஒயர்களுக்கு நடுவே அளக்கலாம். கேம் ஓடும்போதே அளக்க வேண்டும். 11.4க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ்தான். மீட்டர் நன்றாகக் காட்டினாலும் முழுசாக நம்ப வேண்டாம், நொடிக்கும் குறைவான சரிவை அது பிடிக்காது. 24 பின் கனெக்டரின் பச்சை ஒயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து “ஆன் ஆகிறது பாருங்க” என்று கடைக்காரர் காட்டினால், அது லோடே இல்லாத சோதனை. பிராசஸருக்குப் போகும் 4 பின் அல்லது 8 பின் கனெக்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்: பின் ஓரம் பழுப்பேறியோ கருகல் வாடை அடித்தோ இருந்தால் அதை ஓட்டாதீர்கள். கடலோரத்து உப்புக் காற்றில் பின்கள் துருப்பிடித்தால் அங்கே சூடு ஏறும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

கடையிலேயே வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டி, அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அணையவில்லை என்றால் புது எஸ்எம்பிஎஸ் போதும். நல்ல 450 வாட் என்றால் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 35 ஆம்பியர் அளவில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் இதில் வேண்டாம். சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். தேவையில்லாத பார்ட்டைத் தலையில் கட்டிவிட்டுப் பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா? – வாசகர், ராயபுரம்

பதில்: பெரும்பாலும் வீட்டு எர்த்திங்தான் பழுது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும். எர்த் ஒயர் இல்லாத பிளக்கில் அது கேபினட்டிலேயே நிற்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அந்தப் பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் எர்த்தைச் சரி செய்யுங்கள். எர்த்தை நியூட்ரலோடு பிளக்கிலேயே முடிந்துவிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.