கடைக் குத்தகைத் தகராறும் கட்டாயச் சமரசமும்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கடை எடுத்து நடத்துவோர் கேட்டவற்றுக்கு, அங்குள்ள 2003ஆம் ஆண்டுச் சில்லறைக் குத்தகைச் சட்டத்தின்படி பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, டான்டெனாங்கில் மளிகைக் கடை நடத்துகிறேன். கட்டட உரிமையாளர் பராமரிப்புச் செலவுக் கணக்கில் நிலவரியையும் சேர்த்து மூன்று ஆண்டுகளாக வாங்கியிருப்பது இப்போதுதான் தெரிய வந்தது. நேராக வழக்குப் போடலாமா?

பதில்: நிலவரியைக் குத்தகைதாரர் மீது சுமத்தும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 50ஆம் பிரிவு சொல்வதால், உங்கள் கோரிக்கைக்கு வலு இருக்கிறது. ஆனாலும் நேராக வழக்குப் போட முடியாது. சமரசத்தால் இந்தத் தகராறு தீரவில்லை, அல்லது தீர வாய்ப்பில்லை என்று விக்டோரிய சிறுவணிக ஆணையம் எழுத்தில் சான்றளித்த பிறகே, 'வீகேட்' எனப்படும் மாநிலத் தீர்ப்பாயத்தில் நீங்கள் வழக்குத் தொடரலாம் என்பது 87ஆம் பிரிவு. முதலில் ஆணையத்துக்கு விண்ணப்பியுங்கள். அலுவலர்கள் இரு தரப்பிடமும் பேசிப் பார்ப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே முடியாவிட்டால்தான் சமரசர் ஒருவர் முன்னிலையில் உட்கார வேண்டியிருக்கும்.

இதை வீண் தாமதம் என்று பலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கில் வென்ற மறுநாளும் அதே உரிமையாளரிடம்தான் கூரை ஒழுகுகிறது என்று சொல்லப் போகிறீர்கள். குத்தகை நடப்பில் இருக்கும்போது, வாங்கிய தொகையை வரும் மாத வாடகையில் கழித்துக்கொள்வது போன்ற ஏற்பாட்டைப் பேச்சில் எட்டுவது எளிது.

கேள்வி: உரிமையாளர் பூட்டை மாற்றிவிட்டார். சரக்கு உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. நானும் சமரசத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தடையாணை கோரும் மனுவுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: சமரசத்துக்கு வர மாட்டேன் என்று எதிர்த்தரப்பு மறுத்தால் நாங்கள் முடங்கிப் போவோமா?

பதில்: முடங்க மாட்டீர்கள். அவர் மறுப்பதையே காரணமாகக் கொண்டு ஆணையம் சான்றிதழ் தரலாம். அதோடு, இத்தகைய வழக்குகளில் அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும் என்பது 92ஆம் பிரிவின் பொது விதி என்றாலும், சமரசத்தில் பங்கேற்க மறுத்தவரை எதிர்த்தரப்பின் செலவையும் செலுத்துமாறு தீர்ப்பாயம் உத்தரவிட அதே பிரிவு இடம் தருகிறது. இதை மரியாதையான கடிதமாக எழுதி அனுப்புங்கள். இந்த விதி உங்களுக்கும் பொருந்தும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: பேச்சில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசினால், நாளை வழக்கில் அது எனக்கு எதிராக வருமா?

பதில்: வராது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலன்றி, அங்கே பேசியதைச் சாட்சியமாக ஏற்க முடியாது. ஆனால் முடிவில் கையெழுத்திடும் உடன்படிக்கை உங்களைக் கட்டுப்படுத்தும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளாமல், களைப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தகராறு வாடகை பற்றியது மட்டுமே. அதற்கும் இதே வழிதானா?

பதில்: வாடகை செலுத்துவது பற்றி மட்டுமே எழும் தகராறு, கட்டாயச் சமரசத்துக்குரிய தகராறு என்று சட்டம் தரும் வரையறைக்குள் வராது. சந்தை வாடகையை மறுநிர்ணயம் செய்வது மதிப்பீட்டாளரின் வேலை.

கேள்வி: கடையைக் காலி செய்துவிட்டோம், முன்பணம் திரும்பவில்லை. சமரசத்துக்கு எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: உங்கள் கடமைகள் எல்லாம் முடிந்தபின் 30 நாட்களுக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்று 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே பேச்சு முழுவதும் 'கடமை முடிந்ததா' என்பதைச் சுற்றியே நடக்கும். சுவர், தரை, மின்னிணைப்பு ஆகியவற்றை உள்ளே வந்த நாளில் எடுத்த படங்களும், வெளியேறிய நாளில் எடுத்த படங்களும்தான் உங்கள் பக்கம் பேசும். குத்தகைப் பத்திரம், ஒப்பந்தத்துக்கு முன் குத்தகை விவரங்களைச் சொல்லி உரிமையாளர் தந்த வெளிப்படுத்தல் அறிக்கை, மின்னஞ்சல்கள், பழுதுபார்த்த ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவுக்குக் கீழே இறங்க மாட்டீர்கள் என்பதை முந்தின நாளே வீட்டாருடன் கலந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.